தாமதத்திற்கு விலை உண்டோ?

சனிக்கிழமை தோறும் எங்கள் குச்சனூருக்கு வரும் பேருந்துகளில் நிற்கவும் இடம் இராது. சுரபி நதிக்கரையில் உள்ள சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு மாவட்டம் கடந்தும் மக்கள் வருவர். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளிலோ சின்னமனூர்ச் சாலையில் நடந்து செல்வதே அரிது. இவ்வூரில் வாழும் சில கத்தோலிக்கக் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. வருவோருக்குத் தண்ணீர் கொடுத்தும் வழி சொல்லியும் பழகிய வீடு. சனிக்கோளுக்கு மந்தன் என்றொரு பெயர் உண்டு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் கோயில் தெருவில் பூக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர். மந்தன் என்றால் மெல்ல நடப்பவன். கதிரவனை ஒருமுறை சுற்றிவர அக்கோளுக்கு 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றதாம். "மந்தன் ஊர்க்காரர் தாமதத்திற்கு அஞ்சலாமா?" என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. 2024 ஆம் ஆண்டுக்குப் பின் அந்த வேடிக்கையை நாங்கள் சொல்வதில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் அன்னை தம் 87 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். எங்கள் மூத்த மகள் ஜெர்மனி நாட்டில் மியூனிக் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிகிறாள். நாங்கள் இருவரும் ஆசிரியப் பணிக்குச் சென்றுவிட்ட காலமெல்லாம் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவளுடைய அப்பத்தா. செய்தி கேட்டதும் அழுதுகொண்டே பயணச்சீட்டு எடுத்தாள். புதன்கிழமை பிற்பகல் மியூனிக்கில் புறப்பட்டு, வளைகுடா நகர் ஒன்றில் விமானம் மாறி, வியாழன் காலை எட்டு மணிக்குச் சென்னை. அங்கிருந்து வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் மதுரை. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகக் காரில் வந்தால் மூன்றரை மணிக்குள் வீடு சேரலாம். ஆகவே அடக்கத் திருப்பலியை வியாழன் மாலை நான்கரை மணிக்கு வைத்துக்கொள்வதெனப் பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொண்டோம்.

மியூனிக்கில் விமானம் புறப்படவில்லை. இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று விமானி அறிவித்தாராம். "இன்னும் ஒரு மணி நேரத்தில் புறப்படும்" என்றனர். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் மீண்டும் "இன்னும் ஒரு மணி நேரம்" என்றனர். இவ்வாறு நான்கு முறை. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு விமானம் ஏதேனும் கிடைக்குமா என்று பார்த்திருப்பேன் என்று மகள் இன்றும் சொல்கிறாள். அவள் வளைகுடா நகரை அடைந்தபோது சென்னை விமானம் போய்விட்டது. அடுத்ததில் ஏற்றி அனுப்பினர். அது சென்னையை அடைவது வியாழன் இரவு ஏழு மணிக்கு. பதினொரு மணி நேரத் தாமதம்.

வியாழன் காலையில் அவள் தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். "அப்பா, அம்மா, நாளைக் காலைவரை அப்பத்தாவை வைத்திருங்கள். எப்படியும் வந்துவிடுவேன்." வைத்திருக்கிறோம் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்க்கிறோம் என்றே சொன்னோம். மே மாத வெயில் யாவரும் அறிந்ததே. முதல் நாள் இரவில் இருமுறை மின்சாரம் நின்று, வாடகைக்கு எடுத்த கண்ணாடிப் பெட்டி குளிர் இழந்தது. கோவையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வேன் பிடித்து வந்த உறவினர் பந்தலில் காத்திருந்தனர். இராயப்பன்பட்டியிலிருந்து வந்திருந்த எங்கள் தாய்மாமன், "இரண்டு இரவு போதும், உடலை வருத்தக் கூடாது" என்றார். பெரியவர்கள் தலையசைத்தனர். நாங்களும் தலையசைத்தோம். நான்கரை மணிக்குத் திருப்பலி நடந்தது. ஆறு மணிக்கு முன்பே மண் போட்டுவிட்டோம்.

சென்னையிலிருந்து மதுரைக்கு அவள் எடுத்திருந்த பயணச்சீட்டு வீணாயிற்று. இரவெல்லாம் பேருந்தில் வந்து, வெள்ளிக்கிழமை விடியலில் பெட்டியோடு வாசலில் நின்றாள். பந்தல் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் எங்களைப் பார்த்துச் சொன்ன சொற்கள் இவை: "விமானக்காரன் என்னை நான்கு மணி நேரம் நிறுத்தினான். உங்களால் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்த முடியவில்லையா?" பின்பு ஒன்றும் பேசாமல் கல்லறைத் தோட்டத்திற்குப் போய்விட்டாள்.

நிற்க. அவள் ஜெர்மனிக்குத் திரும்பிச் சென்று மூன்று வாரங்கள் கழிந்தபின், உத்தமபாளையத்தில் வழக்கறிஞராக இருக்கும் எங்கள் மைத்துனர் வீட்டிற்கு வந்தார். மகள் பாடப் புத்தகம் போலப் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருந்த போர்டிங் பாஸ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், அக்கா, இருவரும் கேளுங்கள். இதற்கு அறுநூறு யூரோ நஷ்டஈடு உண்டு. கேட்காமல் விடக்கூடாது" என்றார்.

எங்களுக்கு உடனே பிடிக்கவில்லை. எங்கள் அன்னையின் இறப்பை வைத்துப் பணம் கேட்பதா? துக்கத்திற்கு விலை போடுவதா? மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது அவளும், "அப்பத்தா முகத்தைப் பார்க்காததற்கு அறுநூறு யூரோவா? வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். மைத்துனர் விடவில்லை. "இது துக்கத்திற்கான விலை அன்று, மாப்பிள்ளை வீட்டுச் சீர் போல விரும்பினால் கொடுப்பதும் அன்று. அவர்கள் கொடுக்கவேண்டிய கடன். சாவு வீட்டிற்கு வந்தவளுக்கும் கல்யாண வீட்டிற்கு வந்தவனுக்கும் அதே தொகைதான்" என்றார். அந்தக் கடைசிச் சொல் எங்களை யோசிக்க வைத்தது.

அவர் விளக்கியதை நாங்கள் பின்னர் படித்தும் தெளிந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 ஆம் ஆண்டின் 261 ஆம் எண் ஒழுங்குமுறை என்று ஒன்று உண்டு. 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையம் எதிலிருந்து புறப்பட்டாலும், விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாயினும், அந்தச் சட்டம் பயணியைக் காக்கும். பயணதூரம் 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 கிலோமீட்டர் வரை 400 யூரோ, அதற்கு மேல் 600 யூரோ. சட்டத்தின் எழுத்தில் இந்தத் தொகை ரத்துக்கும் இடம் மறுப்பதற்குமே சொல்லப்பட்டிருந்தது. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதித்து அடைந்தவருக்கும் அது உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பரில் தீர்ப்பளித்தது. இடையில் விமானம் மாறினாலும், ஒரே பயணச்சீட்டாக எடுத்திருந்தால் இறுதி ஊரை எப்போது அடைந்தோம் என்பதே கணக்கு. மியூனிக்கிலிருந்து சென்னை ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பதினொரு மணி நேரத் தாமதம். ஆகவே அறுநூறு.

சென்னை முதல் மதுரை வரையிலான தனிச்சீட்டு இந்தக் கணக்கில் சேராது. அதையும் ஒரே சீட்டில் எடுத்திருந்தால் மதுரை வரையில் கொண்டுசேர்க்கும் பொறுப்பும் அவர்களுடையதாக இருந்திருக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுப்பது நம்மவர் வழக்கம். அவசரப் பயணத்தில் அது மிச்சம் ஆகாது.

இதைக் கேட்டபோது எங்களுக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. 2019 ஆம் ஆண்டில் நாங்கள் இருவரும் மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் செல்ல இருந்தோம். பக்கத்து ஊர்க் கணினிக் கடை ஒன்றில் சீட்டு எடுத்தோம். விமான நிலையத்திற்குப் போன பின்புதான் விமானம் முதல் நாளே ரத்தாகிவிட்டது என்று தெரிந்தது. செய்தி அனுப்பினோமே என்றனர். செய்தி போய்ச் சேர்ந்தது கடைக்காரரின் தொலைபேசிக்கு. சீட்டு எடுக்கையில் அவர் தம் எண்ணையே கொடுத்திருந்தார். வாடகைக் காருக்குக் கொடுத்த பணமும் போயிற்று, நஷ்டஈடும் இல்லை. தொடர்பு கொள்ள உரிய விவரம் கொடுக்காத பயணிக்கு நஷ்டஈடு கிடையாது என்று விதியே சொல்கிறது. கிராமங்களில் சீட்டு எடுக்கும் நம் குடும்பத்தார் இதை ஒருபோதும் மறக்கலாகாது. சொந்த எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். கொடுத்தார்களா என்று அச்சிட்ட தாளில் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நம் நாட்டு விதியை வகுத்தது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். 2010 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்து, 2016 இல் தொகைகள் உயர்த்தப்பட்டன. உள்நாட்டு விமானம் உரிய அறிவிப்பின்றி நிறுவனத்தின் தவறால் ரத்தானால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்திற்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. கேட்பதற்கு இனிமையாக இருக்கின்றதல்லவா? அடுத்த வரியைப் படிக்கவேண்டும். இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் எது குறைவோ அதுவே கிடைக்கும். அடிப்படைக் கட்டணம் 2,400 ரூபாய் என்றால் 2,400 தான். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதோ மாற்று விமானம் தருவதோ இதற்குப் புறம்பானது. அது எப்படியும் உண்டு. இடம் உறுதியாகியிருந்தும், ஆள் மிகுதி என்று ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்திற்குள் புறப்படும் மாற்று விமானமும் தராவிட்டால், அந்தக் கட்டணத்தைப் போல் இருமடங்கு (உச்சம் 10,000), மாற்று விமானம் 24 மணி நேரத்திற்கும் அப்பால் என்றால் நான்கு மடங்கு (உச்சம் 20,000).

ஆனால் வெறும் தாமதத்திற்கு நம் விதியில் பணம் இல்லை. உணவு உண்டு. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணமாயின் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்திற்கு மேல் தாமதிக்குமானால், மாற்று விமானம் அல்லது முழுப்பணம், எது வேண்டும் என்று பயணியைக் கேட்கவேண்டும். 24 மணி நேரத்திற்கு மேல் தாமதமானாலும், இரவு எட்டு மணி முதல் விடியற்காலம் மூன்று மணிக்குள் புறப்படவேண்டியது ஆறு மணி நேரத்திற்கு மேல் தாமதித்தாலும் தங்குவதற்கு விடுதி தரவேண்டும். இவற்றைக் கேட்காதவருக்குப் பெரும்பாலும் தருவதில்லை என்பது எங்கள் அனுபவம். உரத்துக் கேட்பவருக்கு இட்லி வருகிறது. வாய் திறவாத மூதாட்டி ஓரத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

இயற்கையின் சீற்றத்திற்கு எந்நாட்டிலும் நஷ்டஈட்டுத் தொகை கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையே நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்கமாட்டோம். அன்று எந்த நிறுவனத்தை நொந்து என்ன பயன்? எனினும் உணவும் தங்கலும் வேறு, தொகை வேறு. 2007 டிசம்பரில் தில்லியில் மூடுபனியால் ஐதராபாத் விமானம் பல மணி நேரம் தாமதித்ததற்காகப் பயணி ஒருவர் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பு வழங்கியது. பனிக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்று இழப்பீட்டை நீக்கிவிட்டது. ஆயினும், குறைந்த கட்டண நிறுவனம் என்பதைக் காரணம் காட்டிப் பயணிகளுக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச வசதிகளைச் செய்யாமல் இருக்க முடியாது என்றும் சொல்லிவைத்தது. மலிவான சீட்டு வாங்கியவன் மலிவான மனிதன் அல்லன் என்று நாங்கள் அதற்குப் பொருள் கொண்டோம்.

இயந்திரக் கோளாறு மட்டும் இயற்கைச் சீற்றத்தோடு சேராது. மகளின் வழக்கில் இதுவே முக்கியம். ஐரோப்பிய நீதிமன்றம் 2008 டிசம்பரிலேயே, விமானத்தைப் பழுது பார்த்து வைத்திருப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை. சாதாரணக் கோளாற்றை அசாதாரணச் சூழ்நிலை என்று சொல்லித் தப்ப முடியாது என்று முடிவு கட்டிவிட்டது.

இதே பயணம் எதிர்த்திசையில் நடந்திருந்தால் கதை வேறு. சென்னையிலிருந்து வளைகுடா நிறுவனத்தின் விமானத்தில் மியூனிக் செல்பவருக்கு அந்த அறுநூறு யூரோ கிடையாது; ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே உண்டு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. அவர்களுக்கு 1999 ஆம் ஆண்டு மாண்ட்ரீல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009 இல் அதில் சேர்ந்தது. தாமதத்தால் நேர்ந்த இழப்பை ரசீதோடு மெய்ப்பித்தால், ஒருவருக்கு 6,303 எஸ்.டி.ஆர். வரையில் பெறலாம், இந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் உள்ளது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு நாணயம். நம் பணத்தில் ஏழு இலட்சத்திற்கு மேல் வரும். உச்சவரம்பு அது, கிடைப்பது நாம் மெய்ப்பித்த அளவே. வீணான விடுதிப் பணம், வீணான சீட்டு, வாடகைக் கார் ஆகியவற்றின் ரசீதுகளைக் கசக்கி எறிந்துவிட்டு வருவோர்க்கு அது வெறுங்காகிதம். பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள், பெட்டி தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். வழக்கிற்கு இரண்டாண்டு வரம்பு.

வழக்கு என்றதும் சென்னைக்கும் தில்லிக்கும் அலையவேண்டுமோ என்று எங்களைப் போல் வாசகர்களும் எண்ணக்கூடும். முன்னாளில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர வழி செய்தது. குச்சனூர்க்காரர் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். செலுத்திய விலை ஐந்து இலட்சத்திற்கு உட்பட்டால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைப்பது கட்டாயமும் அன்று. (இதைச் சொன்னவர் வழக்கறிஞரான மைத்துனரே என்பதைக் குறிப்பிடவேண்டும்.) அதற்கு முன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும், பின் அரசின் ஏர்சேவா தளத்திலும் எழுதலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். விமானம் ஏறாதவர்களுக்கும் ஒரு செய்தி: 2016 இல் ரயில் நான்கு மணி நேரம் தாமதித்ததால் ஜம்முவில் சீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒருவருக்கு ரயில்வே 30,000 ரூபாய் தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 இல் போடிவரை அகலப்பாதை வந்து, சென்னைக்கு ரயிலும் கிடைத்துவிட்ட நம் பள்ளத்தாக்கு மக்கள் இதையும் அறிந்திருப்பது நன்று.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். மகளைச் சம்மதிக்க வைத்தது சட்டம் அன்று. அவளோடு பணிபுரியும் ஜெர்மானிய மூதாட்டி ஒருவர், "நீ கேட்காவிட்டால் அடுத்தவளையும் நான்கு முறை 'ஒரு மணி நேரம்' என்பார்கள்" என்று சொன்னாராம். சூன் மாதத்தில் முதல் கடிதம் எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: வருந்துகிறோம், கோளாறு எதிர்பாராதது, நல்லெண்ணமாக 200 யூரோ மதிப்புள்ள பயணக் கூப்பன் தருகிறோம். பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தாலன்றிக் கூப்பன் கொடுத்துக் கணக்குத் தீர்க்க முடியாது. பணமாகவே தரவேண்டும் என்பது அந்த ஒழுங்குமுறையின் ஏழாம் பிரிவு. அதையும் 2008 தீர்ப்பையும் குறிப்பிட்டு இரண்டாம் கடிதம் எழுதினாள். பதிலே இல்லை. நஷ்டஈடு வாங்கித் தரும் இடைத்தரகு நிறுவனங்கள் வலிய வந்தன. அவை கால் பங்குக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால் மறுத்துவிட்டாள். பதினான்கு நாள் கெடு வைத்து, பெர்லினில் உள்ள கட்டணமற்ற பயணிகள் சமரச அமைப்பை நாடுவேன் என்று மூன்றாம் கடிதம் அனுப்பினாள். அக்டோபர் தொடக்கத்தில் அறுநூறு யூரோவும் அவள் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வரவில்லை.

மகள் அந்தப் பணத்தில் ஒரு யூரோவையும் வைத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் எங்களுக்கு அனுப்பி, நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் அப்பத்தாவின் கல்லறையைக் கட்டி முடிக்கும்படி எழுதினாள். சின்னமனூரிலிருந்து கொத்தனாரை அழைத்து வந்தோம். கருங்கல்லில் என்ன பொறிக்கவேண்டும் என்று அவர் கேட்டபோது, வழக்கப்படி பிறந்த நாள், இறந்த நாள், அடக்கம் செய்த நாள் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மகளுக்கும் படம் எடுத்து அனுப்பினோம். அன்றிரவே அவளிடமிருந்து பதில் வந்தது.

"அப்பா, அம்மா, எழுத்து நன்றாக இருக்கிறது. அடக்கம் செய்த நாளை மட்டும் போடவேண்டாம்."

கொத்தனாரிடம் சொல்லி அந்த வரியை எடுத்துவிட்டோம்.